மறதி என்றால் முதலில் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

நீலகிரி மாவட்டத்தில் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும், வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்காமாருக்கும், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு நோயாளி எழுதிக்கொள்வது.

வணக்கம்.

உங்களுக்கு நேரம் குறைவு, எனக்கு ஞாபகம் குறைவு. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, நோயைப் பிடிக்கிற கையோடு ஞாபகத்தையும் பிடித்துவிடுகின்றன. அது உங்களுக்குத் தெரியும். முழுங்குகிற எங்களுக்குத்தான் தெரியாது. தெரியாததால் வயசு என்கிறோம், கவலை என்கிறோம், யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்கிறோம். மாத்திரையைக் கொடுக்கும்போதே அதைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள், அந்த வரியைத் தமிழில் எழுதியும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பச்சைத் தேயிலை நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறவள். சிறு விவசாயிகள் சாக்கில் கட்டிக்கொண்டு வரும் இலையைத் தராசில் ஏற்றி, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து, மிச்ச எடையைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இலை கொண்டுவருகிறவரிடம் நான் பெயர் கேட்டதே கிடையாது. ஆளைப் பார்த்தாலே போதும்; பெயர், எந்த ஹட்டி (எங்கள் பக்கத்தில் ஊரை அப்படித்தான் சொல்வோம்), போன வாரம் எத்தனை கிலோ, வாங்கிய முன்பணத்தில் பாக்கி எவ்வளவு, எல்லாம் வாயில் வந்து நிற்கும். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் புத்தகத்தைச் சரிபார்ப்பார்கள்.

என் மூளையில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். அங்கிருந்துதான் வலிப்பு. ஒரு மாத்திரையில் அடங்கவில்லை என்று டோபிராமேட் என்ற இன்னொன்றையும் சேர்த்தார்கள். வலிப்பு நின்றது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மாத்திரைக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கே பாவம். இந்த மாத்திரை இல்லையென்றால் தேயிலைக் காட்டின் சரிவில் எங்காவது உருண்டிருப்பேன். வலிப்பு வந்த நேரத்தில் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் துணியை வைத்துப் படுத்திய சொந்தக்காரர்களிடமிருந்தும் இந்த மாத்திரைதான் என்னைக் காப்பாற்றியது.

அப்புறம்தான் அது மெதுவாக ஆரம்பித்தது. தராசில் எண்ணைப் பார்ப்பேன், 38 கிலோ 400 கிராம். புத்தகத்தின் பக்கம் திரும்புவேன். அந்த ஒரு திருப்பத்துக்குள் எண் காணாமல் போய்விடும். திரும்ப எட்டிப் பார்ப்பேன். பார்த்து எழுதுவதற்குள் சாக்கை இறக்கியிருப்பார்கள். எதிரில் நிற்பவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெயர் மட்டும் வராது. "அந்த... இந்த..." என்று கை ஆடும், சொல் வராது. சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. எடையை இரண்டு தடவை பார்த்து, அடித்து எழுதுகிறாளே, கணக்கில் கை வைக்கிறாளோ என்று பேச்சு கிளம்பிவிட்டது. இலை விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் குடும்பமே கணக்குப் போடுகிற ஊரில், இலைக் கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிட மோசமான பேச்சு வேறு கிடையாது.

வைத்தியம் பார்த்த இடத்தில் சொன்னேன். "டென்ஷனா இருக்கும்மா, நல்லா தூங்குங்க" என்றார்கள். பதற்றத்துக்கு என்று ராத்திரிக்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. அது குளோனாசெபம். நன்றாகத் தூங்கினேன். காலையில் முந்தின ராத்திரி என்ன பேசினேன் என்பதும் சேர்ந்து மறந்தது.

வேறொரு மருத்துவமனையில், சளிக்காகப் போன இடத்தில், வயதில் மிகச் சின்ன டாக்டரம்மா ஒருவர் இருந்தார். நான் மாத்திரைப் பெயரைச் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "பையைக் குடுங்க அக்கா" என்று வாங்கி மேசைமேல் கொட்டினார். ஒவ்வொரு பட்டையையும் எடுத்து, இது எப்போதிலிருந்து, இது எதற்கு என்று கேட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதினார். அப்புறம் மறதி எப்போதிலிருந்து என்று கேட்டார். இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே விளங்கிவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவராக எதையும் நிறுத்தவில்லை. நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே டோபிராமேட்டைப் படிப்படியாகக் குறைத்து, பழைய மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி, ராத்திரி மாத்திரையை மெல்ல மெல்ல விலக்கினார்கள். முழுதாகத் திரும்பிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பெயர்கள் இன்றும் தாமதமாகத்தான் வருகின்றன. ஆனால் தராசுக்கும் புத்தகத்துக்கும் இடையில் எண் இப்போது தொலைவதில்லை.

அதற்குப் பிறகு நர்சிங் படிக்கும் என் அண்ணன் மகளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்குப் பாலபாடம் இது. எங்கள் ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

டோபிராமேட் வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பது. சிலருக்கு இது சொல் தேடவைக்கும், யோசனையை மந்தமாக்கும், இப்போது கேட்டதை மனசில் பிடித்து வைக்கிற சக்தியைக் குறைக்கும். அளவு கூடக் கூட இது கூடும். மெதுவாக ஏற்றினால் குறைவாக இருக்கும், அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். குளோனாசெபம், அல்ப்ராசோலம், லொராசெபம் எல்லாம் ஒரே குடும்பம். பழைய ஞாபகத்தை விட்டுவிட்டுப் புது ஞாபகம் பதிவதைத் தடுக்கும். பினோபார்பிட்டல் மிகப் பழைய வலிப்பு மாத்திரை, விலை குறைவு, தூக்கத்தையும் மந்தத்தையும் கூடவே கூட்டி வரும். மனநல மருந்துகளால் கை கால் விறைத்துப்போகாமல் இருக்கக் கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடில், நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், இவை எல்லாம் அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனத்தைத் தடுக்கின்றன. மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமாகத் தேவைப்படுவதும் அதுதான்.

இந்த வரிசையில் நம் மலைக்கென்றே ஒன்று இருக்கிறது: சளி மாத்திரை. குளோர்பெனிரமைன். கீழ்நாட்டில் மழை நேரத்தில் சாப்பிடுவதை இங்கே வருஷம் பூராவும் சாப்பிடுகிறோம். மஞ்சு இறங்கினால் ஒன்று, காற்று அடித்தால் ஒன்று. கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுபது வயது தாண்டியவர் தினமும் ராத்திரி "மூக்கடைப்புக்கு" என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தால், அவர் மறதிக்கு வயசு மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்காவில் 1991இலிருந்து பியர்ஸ் பட்டியல் என்று ஒன்றைப் புதுப்பித்துப் புதுப்பித்து வெளியிடுகிறார்கள். இந்தச் சாதாரண சளி மாத்திரையும் அதில் இருக்கிறது. நம் பெட்டிக்கடையில் அது மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி என் அம்மாவின் கதை. இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அம்மா இலை எடுத்தே எங்களை வளர்த்தவர். பல வருஷமாக சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின். கொஞ்ச காலமாகப் பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது என்றார். சர்க்கரையால் நரம்பு போய்விட்டது என்று சொல்லி எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். அப்புறம் அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு மறந்தார். பேரன் பெயரில் என் அண்ணனைக் கூப்பிட்டார். சொன்னதையே சொன்னார். போன இடத்தில் எல்லாம் ஒரே பதில்: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." ஒருவர் மறதி நோய் என்றே பெயர் வைத்து, அதற்கும் ஒரு மாத்திரை எழுதினார்.

மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். வயிற்றெரிச்சலுக்குத் தினமும் போடும் ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் வகையும் அதையே செய்யும். கல்லீரலில் பல வருஷத்துக்கான இருப்பு இருப்பதால் குறைவது சட்டென்று தெரியாது. தெரியும்போது காலும் எரியும், நாக்கும் வழவழப்பாகும், ஞாபகமும் தடுமாறும். இதை அண்ணன் மகள் பாடத்தில் படித்துவிட்டு வந்து, அம்மாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். ரத்தம் கொடுத்துச் சோதித்தபோது பி12 அடிமட்டத்தில் இருந்தது. கால் எரிச்சலுக்குக் காரணம் அதுவாக இருந்திருக்க, அந்த எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரை ஞாபகத்தை இன்னும் கொஞ்சம் கலைத்திருக்கிறது. ஊசி போட ஆரம்பித்துச் சில மாதங்களில் அம்மா தெளிந்தார். எரிச்சல் முழுதாகப் போகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய கைமாற்று மட்டும் தேதியோடு நினைவுக்கு வந்துவிட்டது, அதனால் ஒரு சண்டையும் நடந்தது. சண்டை போடுகிற அம்மாவைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பிரிட்டனில் மருந்துகளைக் கண்காணிக்கும் அமைப்பு 2022இல் டாக்டர்களுக்கு இதையே நினைவூட்டியது: மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அறிகுறி தெரிந்தால் பி12 பாருங்கள், குறைய வாய்ப்புள்ளவர்களை அவ்வப்போது சோதியுங்கள் என்று. நம் மலையில் மெட்ஃபார்மின் போகாத தெரு இல்லை. மறதி என்று ஒருவர் வந்து நின்றால் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை இந்த நான்கையும் பார்த்துவிட்டு அப்புறம் வயசைப் பற்றிப் பேசலாமே. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும், பிரஷருக்குக் கொடுக்கும் நீர் மாத்திரையால் சோடியம் இறங்கினாலும் பெரியவர்கள் குழம்புவார்கள், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கூடி சர்க்கரை தாழ்ந்தாலும் புத்தி தடுமாறும். எல்லாமே சரிசெய்யக்கூடியவை. நிஜமான மறதி நோயும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கடைசியில் வைக்க வேண்டும், எடுத்த எடுப்பிலேயே வைக்கக் கூடாது.

சோதனைக் கேள்விகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இன்னைக்கு என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சிட்டே வாங்க" என்று அம்மாவிடம் கேட்டார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மாவுக்கு நல்ல நாளிலேயே ஏழு ஏழாகக் கழிக்க வராது. இங்கிலீஷ் தேதி சம்பள நாளுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. எந்த மாதம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினார்கள், எப்போது கொழுந்து விட்டது, சந்தை என்றைக்கு என்று கேட்டிருந்தால் அவர் எவ்வளவு தடுமாறுகிறார் என்பது சரியாகத் தெரிந்திருக்கும். ஹரியானாவில் பல்லப்கர் பகுதியில் எழுத்தறியாத முதியவர்களுக்கென்றே கேள்விகளை மாற்றி அமைத்து 1990களில் சோதனை நடத்தியிருக்கிறார்கள். நமக்கும் யாராவது செய்து தரலாம். ஊட்டியில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. 700 படுக்கையோடு புது மருத்துவமனையும் 2025இல் திறந்தாகிவிட்டது. படிக்கிற பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி செய்ய விஷயம் வேண்டுமென்றால் எங்கள் ஊர் சாவடிக்கு வரட்டும். டீ போட்டுக் கொடுக்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி யாரும் மறதி என்றுகூடச் சொல்வதில்லை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிச் சரிவுகளில் இருக்கும் பழங்குடிப் பிள்ளைகள். சிக்கிள் செல் ரத்தசோகை என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய். இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவான இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று, ஆண்டு 1952. அந்த நோயில் கை கால் வலிதான் பெரும்பாலும் வெளியே தெரியும். மூளையில் சத்தமே இல்லாமல் சின்னச் சின்ன அடைப்புகள் வரலாம். கை கால் விழாது, வாய் கோணாது, ஆனால் படித்தது நிற்காது. பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்போடு நிற்கிற பிள்ளையிடம் ரத்தச் சோதனை ஆகியிருக்கிறதா என்று வாத்தியார்களும் கேட்க வேண்டும், நீங்களும் கேட்க வேண்டும்.

சரி, நீங்கள் சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும். "சொன்னால் நிறுத்திவிடுவார்கள்." ஞாயமான பயம்தான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குளோனாசெபம் வகையையும் பல நாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விடக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டாலும் நிறுத்துகிறார்கள். எங்கள் லைன் வீடுகளில் ஒருவர், மாத்திரை புத்தியை மழுக்குகிறது என்று அவராகவே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வலிப்பு வந்தது. கையில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. "மந்தமாக இருக்கலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள், குறைக்க வழி இருக்கிறது" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அவர் வந்து சொல்லியிருப்பார். மறைத்ததால்தான் அவரும் மறைத்தார். அதோடு, மாத்திரையை விட்டு வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதுவே ஞாபகத்தைத் தின்னும் என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் சொன்னால் நாங்கள் தாங்கிக்கொள்வோம். விலைச் சரிவையும் மண்சரிவையும் தாங்குகிறவர்கள்தானே.

இப்போது இந்த மலையின் தூரம். கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கூடலூரிலிருந்து 50. மேப்பில் ஒன்றுமில்லை. ஆனால் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்து வாங்கிக் கடைசி பஸ்ஸில் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. ராத்திரியில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் காட்டெருமை நிற்கும். சீசன் நேரத்தில், வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் பஸ் ஊர்ந்துதான் வருகிறது. இத்தனையும் தாண்டி உங்கள் முன்னால் உட்கார்ந்தால் நீங்கள் பேசும் நேரம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்வதை எல்லாம் நாங்கள் மனசில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்குக் குறைபாடே அங்கேதான். கண் தெரியாதவருக்குச் சீட்டை எழுதிக் கொடுத்து வாசித்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லையே.

போன தடவை செல்போனில் பதிவு செய்யலாமா என்று ஒரு இடத்தில் கேட்டேன். முகம் மாறிவிட்டது. கேஸ் போடுவேன் என்று நினைத்தார்கள்போல. கேஸ் போட எனக்கு எங்கே நேரம்? வீட்டுக்குப் போய் இரண்டாவது தடவை கேட்கத்தான். தயவுசெய்து பதிவு செய்ய விடுங்கள். அல்லது நீங்களே கடைசி அரை நிமிடம் என் போனில் பேசிக் கொடுங்கள்: இந்த மாத்திரை காலையில், இது ராத்திரியில், இது நின்றுவிட்டது, அடுத்து இந்தத் தேதியில் வா. அவ்வளவு போதும்.

மருந்தாளுநர்களே, உங்களிடம் வருகிறேன். பட்டை மாறுகிறது. போன மாதம் நீலத்தில் வந்த அதே மாத்திரை இந்த மாதம் வெள்ளிப் பட்டையில் வருகிறது. டெண்டரில் கம்பெனி மாறியிருக்கும், உங்களுக்குப் பெயரைப் பார்த்தால் போதும். நாங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறோம். வீட்டில் பழைய நீலமும் நாலு மிச்சம் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். இது தலைநிமிராமல் வேலை செய்கிற உங்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்கிறேன். ஆனால் பட்டை மாறுகிற மாதத்தில் மட்டும், "இது பழைய நீல மாத்திரைதான், ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க" என்று ஒரு குரல். பட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தை எங்களுக்கு விட்டுவிட்டுக் கத்தரிப்பது இன்னொன்று. பந்தலூர்க்காரர்கள் வைத்தியத்துக்குக் கேரளாவில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்கும் போவார்கள், அங்கே வாங்கிய மாத்திரையோடு இங்கேயும் வந்து வாங்குவார்கள். அந்தப் பையை ஒரு தடவை கொட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

நாங்களும் சும்மா இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்குச் சும்மா கொடுக்கும் தினசரி காலண்டரில் இரண்டு வாங்கிக்கொள்வேன். ஒன்று சுவருக்கு, ஒன்று மாத்திரைக்கு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுத்த வாரத்துத் தாள்களைக் கிழித்து, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுவேன். பெரிய தேதி இருக்கும் மேல் பாதியில் காலை மாத்திரை. ராசிபலன் இருக்கும் கீழ்ப் பாதியில் தேதியைப் பேனாவால் எழுதி ராத்திரி மாத்திரை. பட்டையோடே வெட்டித்தான் மடிப்பேன். நம் ஊர் ஈரத்துக்கு வேல்ப்ரோயேட் மாதிரி வலிப்பு மாத்திரைகளை வெளியே எடுத்து வைத்தால் நமுத்துக் கெட்டுவிடும். சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், இன்னொன்றைப் போடவேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்துக்கு இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எடையை முதலில் சத்தமாகச் சொல்வேன், இலை கொண்டுவந்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் எழுதுவேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது எல்லோருக்கும் அதுவே பிடித்துவிட்டது. எடையில் தகராறு வருவதே இல்லை. கை வைக்கிறாள் என்று பேசியவர்தான் இன்று எல்லோரைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் அக்காமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021இலிருந்து பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறீர்கள். இந்தச் சரிவில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் வீட்டுக்குள் வருகிறவர்கள். அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவில் எல்லாம் என்ன மாத்திரை ஒளிந்திருக்கிறது என்று உங்களால்தான் பார்க்க முடியும். நீங்கள் கொடுப்பதைத் தவிர வேறு என்ன சாப்பிடுகிறார்கள் என்று எப்போதாவது ஒரு தடவை கேட்டு ஒரு தாளில் எழுதி டாக்டருக்கு அனுப்புங்கள். சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அந்தத் தாளில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வலிப்பு மாத்திரையையும், மனநல மாத்திரையையும் உங்கள் பையில் சேர்த்துத் தர மேலே இருப்பவர்கள் மனசு வைத்தால், மாதத்துக்கு ஒரு நாள் கூலி எங்களுக்கு மிச்சம்.

கடைசியாக உறை. இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை பல வருஷமாக இருப்பதால் மருந்து பெரும்பாலும் காகித உறையில்தான் வருகிறது. எழுதுவதற்கு இதைவிட வசதி வேறென்ன? இப்போது அதில் 1-0-1 என்று மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே அச்சடித்த மூன்று வரி வேண்டும்: இது எதற்கு, இது தூக்கத்தையோ ஞாபகத்தையோ தொடுமா, தொட்டால் நீங்களாக நிறுத்தாமல் யாரிடம் சொல்ல வேண்டும். முதல் வரியில் நோயின் பெயரை எழுத வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார். "தலைக்கு", "காலுக்கு" என்று இருந்தால் எங்களுக்குப் போதும். இரண்டாவது வரியில் ஆம், இல்லை என்று ஒரு டிக். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் ஏற்கெனவே சில இடங்களில் போடுகிறீர்கள். அது எல்லா இடத்துக்கும் வரட்டும்.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். எங்கள் மகளிர் குழுவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொடுக்கத் தயாராக இருக்கிறோம். உறை கட்டுகளைக் கொடுத்தால் முத்திரை குத்தியும் கொடுப்போம். வாசகம் தப்பாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு மருந்தாளுநர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்து இலை லாரி கிளம்பிய பிறகு எல்லோரும் நிறுக்கும் இடத்தில்தான் இருப்போம். எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காலண்டரில் எழுதி வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டத்தில் இலைக் கணக்கு எழுதும் ஒருத்தி